என் முழங்கால் எடுத்த வகுப்பு

(வட்டார வள மையத்தில் நடைபெற்ற கணித ஆசிரியர்களுக்கான பணித்திறன் பயிற்சியின் நிறைவு நாளில், நடுநிலைப்பள்ளிப் பட்டதாரி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



மெல்லக் கற்கும் மாணவர்களுக்குக் கணிதம் கற்பிப்பதைப் பற்றிப் பத்து நிமிடம் பேசுங்கள் என்று கருத்தாளர் சொன்னார். சரி என்று தலையாட்டிவிட்டேன். நேற்று இரவு உட்கார்ந்து யோசித்தபோது என் முழங்காலைத் தவிர வேறு எதுவும் பேசத் தோன்றவில்லை. அதனால் முழங்காலில் தொடங்குகிறேன். முடிப்பதற்குள் தலைப்புக்கு வந்துவிடுவேன். வராவிட்டால் மணி அடித்துவிடுங்கள்.

ஒன்றரை ஆண்டுக்கு முன்பு, ஒரு நவம்பர் மாதம். நல்ல மழை. எங்கள் பள்ளியில் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகள் மாடியில் இருந்தன. திருத்துவதற்காக நாற்பது குறிப்பேடுகளை நெஞ்சோடு அணைத்தபடி படி இறங்கினேன். கடைசிக்கு முந்தைய படியில் செருப்பு வழுக்கியது. விழாமல் இருப்பதற்காக இடது காலை அழுத்தி ஊன்றினேன். கால் பாதி மடங்கியிருந்த நிலையில் உடல் எடை முழுவதும் அதன்மேல் வந்தது. 'டப்' என்று ஒரு சத்தம். கையிலிருந்த மர ஸ்கேல்தான் ஒடிந்துவிட்டது என்று முதலில் நினைத்தேன்.

ஸ்கேல் ஒடியவில்லை. அறுந்தது என் தொடைத் தசையின் நாண்.

நம்மில் அறிவியல் ஆசிரியர்களும் இருக்கிறீர்கள். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தொடையின் முன்பக்கத்தில் நான்கு தசைகள் சேர்ந்த பெரிய தொகுதி ஒன்று இருக்கிறது. அது கீழே வரும்போது ஒரு தடித்த தசைநாணாகி முழங்கால் சில்லைப் பிடித்துக்கொள்கிறது. சில்லின் கீழ்ப்பக்கத்திலிருந்து இன்னொரு நாண் கிளம்பி, கீழ்க்காலின் முன் எலும்பில் போய்ச் சேர்கிறது. கிணற்றில் தண்ணீர் இறைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். தசை இழுக்கிறவர், நாண் கயிறு, சில்லு ராட்டினம், கீழ்க்கால் வாளி. கயிறு அறுந்துவிட்டால் இழுக்கிறவர் எவ்வளவு பலசாலியாக இருந்தும் பயனில்லை. வாளி மேலே வராது. மடங்கிய காலை நீட்ட முடியாது.

இது எனக்கு அன்றைக்குத் தெரியாது. முதலில் காட்டிய இடத்தில் எக்ஸ்ரே எடுத்தார்கள். "எலும்பு முறியலை, சுளுக்குதான்" என்றார்கள். வலி மாத்திரையும் ஒரு கட்டும் போட்டு அனுப்பினார்கள். வீட்டில் எண்ணெய் போட்டு உருவிவிட்டார்கள். ஒன்பது நாள் போனது. சுவரைப் பிடித்துக்கொண்டு காலை நேராக வைத்தால் நிற்க முடிந்தது. கொஞ்சம் மடங்கினால் போதும், கால் துணிபோலச் சரிந்துவிடும்.

பத்தாம் நாள் வேறொரு எலும்பு மருத்துவரிடம் போனேன். அவர் எக்ஸ்ரேயைப் பார்ப்பதற்கு முன்பு ஒன்றே ஒன்று கேட்டார். "படுத்தபடியே முட்டியை மடக்காம, குதிகாலைக் கட்டிலை விட்டு ஒரு விரக்கடை தூக்குங்கம்மா." முடியவில்லை. சில்லுக்கு மேலே விரலை வைத்து அழுத்தினார். விரல் பள்ளத்தில் இறங்கியது. பிறகு அதே எக்ஸ்ரேயை விளக்கில் பிடித்து, சில்லு வழக்கமான இடத்திலிருந்து கீழே இறங்கியிருப்பதைக் காட்டினார். ஸ்கேன் அதை உறுதி செய்தது.

இந்தக் காயம் பெரும்பாலும் நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு வருகிறது. சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு, நீண்டகால ஸ்டீராய்டு மருந்து போன்றவை நாணைப் பலவீனப்படுத்துகின்றன. எனக்கு அப்போது நாற்பத்தேழு வயது. சர்க்கரைக்கு ஆறு ஆண்டுகளாக மாத்திரை எடுக்கிறேன். இங்கே இருப்பவர்களில் பாதிப் பேர் என் வயதுக்காரர்கள் என்பதால் சொல்கிறேன். தடுமாறி விழுந்து, 'டப்' என்று சத்தம் கேட்டு, படுத்தபடி காலை நேராகத் தூக்க முடியவில்லை என்றால் அதைச் சுளுக்கு என்று விட்டுவிடாதீர்கள். உருவிவிடவும் வேண்டாம். முழுதாக அறுந்த நாணைச் சீக்கிரம் தைத்துவிட வேண்டும். வாரக்கணக்கில் தள்ளிப்போட்டால் அறுந்த முனை மேலே சுருங்கிக்கொள்ளும். பிறகு இழுத்துத் தைப்பது கடினம்.

எனக்குப் பன்னிரண்டாம் நாள் அறுவை சிகிச்சை நடந்தது. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கச் செய்தார்கள். வலுவான நூலை நாணில் பின்னி, சில்லில் மெல்லிய துளைகள் இட்டு, நூலை அவற்றின் வழியே இழுத்துக் கீழே முடிச்சுப் போட்டார்கள். மருத்துவர் பிற்பாடு சொன்னார்: "தைக்கிறது என் வேலை. ஒட்டுறது உங்க உடம்போட வேலை. நடக்க வைக்கிறது பிசியோதெரபிஸ்ட் வேலை. இதில மூணாவதுதான் ரொம்ப நாள் ஆகும்."

அடுத்த நாளே அந்தப் பிசியோதெரபிஸ்ட் வந்தார். என் மகள் வயது இருக்கும். முதலில் பாதத்தை மேலும் கீழும் ஆட்டச் சொன்னார். படுத்தே இருந்தால் காலில் இரத்தம் உறைந்துவிடும் என்பதற்காக அந்தப் பயிற்சி. அது வந்தது. பிறகு, "தொடையை லேசா இறுக்குங்கம்மா" என்றார்.

இறுக்கினேன். எதுவும் நடக்கவில்லை.

மறுபடி இறுக்கினேன். பல்லைக் கடித்தேன், முகம் சுளித்தேன், வலது கால் இறுகியது, தோள்கூட இறுகியது. இடது தொடை மட்டும் அடுத்தவர் தொடைபோல அப்படியே கிடந்தது. நாற்பத்தேழு ஆண்டுகள் நான் சொல்லாமலே வேலை செய்த தசை அது. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. "முயற்சி பண்றேம்மா, வரமாட்டேங்குது" என்றேன்.

அந்தப் பெண் சொன்னார்: "வராதும்மா. அதுக்குத்தான் நான் வந்திருக்கேன்."

ஏன் வராது என்பதையும் சொன்னார். வீங்கி வலிக்கிற மூட்டிலிருந்து போகிற நரம்புச் செய்திகள், அந்த மூட்டை அசைக்கும் தசைக்கு வருகிற கட்டளையைத் தணித்துவிடுகின்றன. காயத்தைப் பாதுகாக்க உடம்பு தானே செய்துகொள்ளும் ஏற்பாடு அது. சோம்பலும் இல்லை, மன உறுதிக் குறைவும் இல்லை. திட்டினாலும் வராது, கெஞ்சினாலும் வராது.

அவர் என்ன செய்தார் என்பதைக் கவனியுங்கள். முதலில் நல்ல காலில் அதே பயிற்சியைச் செய்யச் சொன்னார். தசை இறுகும்போது எப்படி இருக்கும் என்று என் கையை வைத்தே தொட்டுப் பார்க்கச் சொன்னார். பிறகு ஒரு துண்டைச் சுருட்டி இடது முழங்காலின் கீழே வைத்து, "தொடையை மறந்திடுங்க. இந்தத் துண்டை மட்டும் அழுத்துங்க" என்றார். தன் விரல்களைத் தசைமேல் வைத்துக்கொண்டார். மூன்றாம் நாள் மாலை, "வந்துச்சும்மா!" என்றார். எனக்கு எதுவும் தெரியவில்லை. அவர் விரலுக்குத் தெரிந்திருக்கிறது. எறும்பு ஊர்ந்த அளவுதான் இருக்கும். அதை அவர் பார்த்துச் சொன்ன பிறகு எனக்கும் தெரிய ஆரம்பித்தது.

பிறகு பாகைக் கணக்குத் தொடங்கியது. இரண்டு வாரம் கழித்துத் தையல் பிரித்தார்கள். அதுவரை கால் நேராகவே பிரேஸில் பூட்டியிருந்தது. பிறகு நடக்கும்போது மட்டும் பூட்டு. படுக்கையில் மருத்துவர் குறித்துக்கொடுத்த அளவு வரைக்கும் மடக்கலாம். முதலில் முப்பது பாகை. வாரம் போகப் போகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். பிசியோதெரபிஸ்ட் பையிலிருந்து நீளமான கோணமானி ஒன்றை எடுத்து என் முழங்காலில் வைத்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஆண்டுதோறும் பிள்ளைகளைக் கோணம் அளக்கச் சொல்லி விரட்டியவள் நான். நாம் 180 பாகை நேர்க்கோணம் என்று சொல்லிக் கொடுக்கிறோம். அவர்கள் கணக்கில் நேராக நீட்டிய கால் சுழியம். அங்கிருந்து எவ்வளவு மடங்குகிறது என்றுதான் எண்ணுகிறார்கள். தொடங்குகிற இடமே சுழியம் என்பது எனக்குப் பிடித்திருந்தது.

நான்காம் வாரம் 55. ஆறாம் வாரம் 75. பிறகு நின்றுவிட்டது. ஏழாம் வாரம் 76. எட்டாம் வாரம் 76. ஒரு நாள் 74கூட வந்தது.

அந்த நாட்களில் ஆறுதல் சொல்ல வந்தவர்கள்தான் அதிகம் வருத்தப்படுத்தினார்கள். "எங்க மாமாவுக்கு மூட்டையே மாத்துனாங்க. அடுத்த நாளே மடக்கச் சொல்லி நடக்க விட்டாங்களே, உங்களுக்கு என்ன இன்னும்?" என்று ஒருவர் கேட்டார். நான் அதையே பிசியோதெரபிஸ்டிடம் கேட்டேன். "அது வேற ஆபரேஷன்மா. அவங்க சீக்கிரம் மடக்கணும். நீங்க அவசரப்பட்டு மடக்கினா தையல் விட்டுடும். இடம் ஒண்ணுதான், காயம் வேற" என்றார். அவர் நோட்டில் என் பெயருக்கு ஒரு பக்கம் இருந்தது. அதில் என் எண்கள் மட்டுமே இருந்தன. போன வாரத்து எண், இந்த வாரத்து எண். வேறு யாருடைய எண்ணையும் அவர் எனக்குச் சொன்னதே இல்லை. 74 வந்த நாளில்கூட முகம் மாறவில்லை. "இன்னிக்கு வீக்கம் இருக்கு. ஐஸ் வச்சிட்டு நேத்து செஞ்சதையே செய்வோம்" என்றார், அவ்வளவுதான்.

பத்தாம் வாரம் 90 வந்தது. செங்கோணம். எங்கள் வீட்டில் பாயசம் வைத்தார்கள்.

கால் மட்டும்தான் கஷ்டம் என்று நினைக்காதீர்கள். குத்துக்காலிட்டு உட்காரும் கழிப்பறைதான் எங்கள் வீட்டில். இரும்பு நாற்காலி ஒன்றில் ஓட்டை வெட்டி வைத்து, என் மகள் துணையோடு போய் வந்தேன். கோலம் போடவோ, தரையில் உட்கார்ந்து சாப்பிடவோ முடியவில்லை. தண்ணீர் வேண்டும் என்றாலும் ஒருவரைக் கூப்பிட வேண்டும். கூப்பிடும்போது அவர்கள் முகத்தில் ஒரு நொடி அலுப்பு தெரியும். அவர்கள் நல்லவர்கள்தான். இருந்தாலும் தெரியும். கேட்காமல் தாகத்தோடு இருந்துவிடலாம் என்று தோன்றும். வகுப்பில் "சந்தேகம் இருந்தா கேளுங்க" என்று நான் சொல்லும்போது கடைசி வரிசை ஏன் வாயே திறப்பதில்லை என்பது அப்போதுதான் விளங்கியது.

நான்கு மாத மருத்துவ விடுப்பு முடிந்து, உடற்தகுதிச் சான்றோடு மார்ச் மாதம் பணியில் சேர்ந்தேன். தலைமையாசிரியர் ஏழாம் வகுப்பைக் கீழ்த்தளத்துக்கு மாற்றியிருந்தார். அலுவலகம் மாடியில். ஏறும்போது நல்ல காலை முதலில் வைக்க வேண்டும், இறங்கும்போது காயம்பட்ட காலை முதலில் வைக்க வேண்டும் என்று கற்றுக்கொடுத்திருந்தார்கள். படிக்குப் பதினெட்டு படி. என் பின்னால் யாராவது வந்து நின்றாலே பதறும். "மெதுவா போங்க டீச்சர்" என்று சொன்னால்கூடப் பதறும்.

சேர்ந்த இரண்டாம் நாள் சாக்பீஸ் கைநழுவி மேசைக்கு அடியில் உருண்டது. குனிந்தேன். எட்டவில்லை. முழங்காலிட முயன்றேன். தழும்பு தரையில் பட்டதும் உயிர் போகிற வலி. மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டேன். முதல் வரிசையிலிருந்து ஒரு மாணவன் ஓடிவந்து, ஒரே அசைவில் சிமெண்டுத் தரையில் முழங்காலிட்டு, சாக்பீஸை எடுத்துக் கொடுத்தான்.

அவனை எனக்கு நன்றாகத் தெரியும். வாய்ப்பாடு தெரியாதவன். வீட்டுப்பாடம் முடிக்காதவன். அவனை நான் முட்டி போட வைத்திருக்கிறேன்.

உங்களிடம் ஒளிக்க விரும்பவில்லை. நான் பிள்ளைகளை அடிப்பதில்லை. இருபது ஆண்டுப் பணியில் பிரம்பு எடுத்ததில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். ஆனால் "போய் முட்டி போடு" என்பது என் வாயில் சாதாரணமாக வரும். கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. எனக்கு அது தெரியும். எத்தனையோ பயிற்சிகளில் கேட்டிருக்கிறேன். முட்டி போடுவது அதில் சேராது என்று எனக்கு நானே ஒரு விலக்கு எழுதிக்கொண்டிருந்தேன். கை படவில்லையே, பத்து நிமிடம்தானே என்று நினைத்திருந்தேன்.

அன்று மாலை அவனைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். "அன்னைக்கு உன்னை முட்டி போட வெச்சேனேப்பா, வலிச்சுதா?"

அவன் என்னைப் பார்த்து, "என்னைக்கு டீச்சர்?" என்றான்.

குத்திக் காட்டுவதற்காக அவன் கேட்கவில்லை. எந்த நாளைச் சொல்கிறேன் என்று உண்மையாகவே யோசித்தான். நான் பதில் சொல்ல முடியாமல், "ஒண்ணுமில்லப்பா, போ" என்று அனுப்பிவிட்டேன்.

அந்த வாரம் பரிசோதனைக்குப் போனபோது மருத்துவரிடம் கேட்டேன். பத்து முதல் பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு, கீழ்நாண் எலும்பில் சேரும் இடம் இன்னும் முழுதாக இறுகியிருக்காது. ஓடியாடும் பிள்ளைகள் பலருக்கு அங்கே ஒரு புடைப்பும் வலியும் வரும். முழங்காலிட்டால் அந்த வலி அதிகமாகும். இந்த வயதில் நாண் அறுவதைவிட, நாண் பிடித்திருக்கும் எலும்புத் துண்டு பெயர்ந்து வருவதே அதிகம் என்றார். உடற்கல்வி ஆசிரியர்கள் இதை மனத்தில் வையுங்கள். நீளம் தாண்டும்போதோ கபடியிலோ விழுந்த பிள்ளை காலை நேராகத் தூக்க முடியவில்லை என்றால், இழுத்து நிமிர்த்தாமல், நடக்க விடாமல், அப்படியே மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும்.

மறுநாள் வகுப்பில் சொன்னேன். "இந்த வகுப்பில இனிமே யாரும் முட்டி போட வேண்டாம். இதுவரைக்கும் போட வெச்சதுக்கு நான் வருத்தப்படுறேன்." கைதட்டல் எதுவும் இல்லை. ஒரு மாணவி மட்டும் எழுந்து கேட்டாள்: "அப்போ வாய்ப்பாடு தெரியலைன்னா என்ன பண்ணுவீங்க டீச்சர்?"

என்னிடம் உடனே பதில் இல்லை. தண்டனை என்பது நாம் தெரிந்துவைத்திருந்த ஒரே பதிலாக இருந்தால், அதை எடுத்துவிட்டபின் கையில் ஒன்றும் இருக்காது. இரண்டு நாள் கழித்துத்தான் எனக்குப் பிசியோதெரபிஸ்டின் நோட்டு நினைவுக்கு வந்தது.

அந்த மாணவனைக் கூப்பிட்டு, எதுவரை வருகிறது என்று மட்டும் பார்த்தேன். இரண்டு, ஐந்து, பத்தாம் வாய்ப்பாடுகள் வந்தன. மூன்றில் பாதி வந்தது. ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு இது போதாதுதான். ஆனால் அதுவே அவனுடைய சுழியம் என்று வைத்துக்கொண்டேன். "ஆறேழு எவ்வளவு?" என்று கேட்டால் அவன் உறைந்துபோவான். அதைக் கேட்பதை விட்டேன். அவனுக்குத் தெரிந்த ஐந்தேழு முப்பத்தைந்தில் தொடங்கி, இன்னும் ஒரு ஏழு சேர்த்தால் எவ்வளவு என்று கேட்டேன். துண்டைச் சுருட்டி முழங்காலுக்கு அடியில் வைத்ததுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். அவன் பெயருக்கு ஒரு பக்கம் ஒதுக்கினேன். அதில் அவன் எண்கள் மட்டும்.

ஏப்ரல் இறுதிக்குள் அவன் கணிதத்தில் முதல் மாணவன் ஆகிவிட்டான் என்று சொன்னால் உங்களுக்கும் நன்றாக இருக்கும், எனக்கும் நன்றாக இருக்கும். அப்படி ஆகவில்லை. ஓரிலக்க எண்ணால் வகுக்கக் கற்றுக்கொண்டான். ஏழும் எட்டும் இன்னும் தடுமாறுகின்றன. நடுவில் இரண்டு வாரம் வந்ததெல்லாம் போய்விட்டது, 76-இல் நின்ற என் முழங்காலைப்போல. அந்த இரண்டு வாரமும் பழைய பழக்கத்தில் நாக்கு நுனிவரை "போய் முட்டி" என்று வந்தது. விழுங்கிக்கொண்டேன். இப்போது அவன் எட்டாம் வகுப்பு. புரியாத இடத்தில் "டீச்சர், இது வரல" என்று எழுந்து சொல்கிறான். முன்பெல்லாம் சொல்லமாட்டான்.

"வராதுப்பா, அதுக்குத்தான் நான் வந்திருக்கேன்" என்று பதில் சொல்ல எனக்கு ஒரு முழங்கால் அறுந்து தைக்க வேண்டியிருந்தது. உங்களுக்கு அது வேண்டாம் என்பதற்காகத்தான் இவ்வளவும் சொன்னேன்.

என் கால் இப்போது 125 பாகை மடங்குகிறது. நடக்கிறேன், படி ஏறுகிறேன். சம்மணமிட்டு நெடுநேரம் உட்கார முடியாது. முழங்காலிட இன்னும் முடியவில்லை. மருத்துவர் இன்னும் முயன்று பார்க்கலாம் என்கிறார். நாளைக் காலையும் துண்டைச் சுருட்டி வைத்துப் பயிற்சி செய்வேன்.

கருத்தாளர் மணி அடிக்கவில்லை. தலைப்புக்கு வந்துவிட்டேன் என்று எடுத்துக்கொள்கிறேன்.